சேத்ரியும் பலராமும்: ஒப்பிடுவதற்கு ஏடுகள் எங்கே?

2024 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் திகதி கொல்கத்தா சோல்ட் லேக் மைதானத்தில் இந்தியாவும் குவைத்தும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடித்துக்கொண்ட ஆட்டம், ஆட்டம் என்ற வகையில் நினைவில் வைத்திருக்கத்தக்கதல்ல. ஆயினும் அன்றுதான் சுனில் சேத்ரி சர்வதேச அரங்கிலிருந்து விடைபெற்றார். பத்தொன்பது ஆண்டுகள், 151 ஆட்டங்கள், 94 கோல்கள். தேசிய அணிகளுக்காக அதிக கோல்களைப் பெற்றவர்களின் உலகப் பட்டியலில் அவ்வேளை அவருக்கு மேலே நின்றவர்கள் மூவர் மட்டுமே. போர்த்துக்கலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, ஆர்ஜென்டீனாவின் லியோனல் மெஸ்ஸி ஆகியோரே அம்மூவர்.

அண்மையில் சீகிரியாவுக்குச் செல்லும் வழியில், இனாமலுவச் சந்தியிலுள்ள தேநீர்க் கடையொன்றில், ஐரோப்பியக் கழகங்களின் சட்டைகளை அணிந்திருந்த இளைஞர் சிலர் இந்தப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு வாதாடிக் கொண்டிருந்தனர். தெற்காசியாவில் சேத்ரியைப் போல் ஒரு முன்கள வீரர் தோன்றியதேயில்லை என்பது அவர்களில் ஒருவரின் முடிவு. பலராம் என்ற பெயரை நாம் சொன்னபோது, "அது யார் சேர்?" என்று கேட்டார்கள். அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. பட்டியலில் இல்லாத ஒருவரைப் பட்டியலைப் பார்த்து அறிந்துகொள்ள முடியாதல்லவா? அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

துளசிதாஸ் பலராம் 1936 ஆம் ஆண்டு செகந்திராபாத் இராணுவக் குடியிருப்புப் பகுதியில் ஓர் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சேத்ரி பிறந்ததும் அதே செகந்திராபாத்தில்தான் என்பது ஒரு சுவையான தற்செயல். இராணுவத்தில் பணிபுரிந்த தந்தைக்கு மகனாக 1984 இல் அங்கு பிறந்தார் அவர். இடையில் கிடப்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

பலராமைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத்தின் சையித் அப்துல் ரஹீம். இந்திய உதைபந்தாட்டத்தின் பொற்காலம் என்று கூறப்படுவது உண்மையில் இந்த ஒரு பயிற்றுநரின் காலமே. ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியையும் இந்திய அணியையும் பயிற்றுவித்த ரஹீம், செகந்திராபாத்திலிருந்து பயிற்சிக்கு வரப் பணமில்லாதிருந்த அந்த இளைஞருக்கு வாடகைச் சைக்கிளுக்கான காசைத் தாமே கொடுத்தார் எனக் கூறுவதுண்டு. இருபது வயதளவில் பலராம் 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். நெவில் டி சூசாவின் மூன்று கோல்களுடன் அவுஸ்திரேலியாவை 4 – 2 என வீழ்த்தி, அரையிறுதி வரை முன்னேறி, இறுதியில் நான்காமிடம் பெற்ற அணி அது. மறு ஆண்டு அவர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அக்கழகத்தின் இரசிகர்கள் அவரை வைத்துப் போற்றிய இடம் வேறெவருக்கும் எளிதில் வாய்க்கவில்லை. 1961 இல் கழகத்தின் தலைவராக இருந்து கல்கத்தா லீக்கில் அதிக கோல்களைப் பெற்றவரும் அவரே.

ஐந்து முன்கள வீரர்கள் ஆடிய காலம் அது. பலராம் இடது உள்முனையிலும் இடது ஓரத்திலும் ஆடியவர். கோல் அடிப்பது அவரது வேலையின் ஒரு பகுதி மாத்திரமே. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இருவரைக் கடந்து, மூன்றாமவர் நெருங்கும்போது பி.கே. பானர்ஜியின் பாதையிலோ சுனி கோஸ்வாமியின் பாதையிலோ அதனை விட்டுச் செல்வதே பெரும்பகுதி. அம்மூவரையும் ஒருமித்துப் போற்றாத பழைய இரசிகர் கல்கத்தாவில் இல்லை. எனினும், பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிய இந்திய அரசு பலராமுக்கு அதனை வழங்கவில்லை. அர்ஜுனா விருதோடு அவர் நின்றுவிட்டார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா விழுந்த பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்றும் இருந்தன. ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா 2 – 1 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. எதிரணிக்குக் கோல் அடித்தவர்களில் ஒருவரான புளோரியன் அல்பேர்ட், 1967 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தெரிவானவர். அத்தகைய அணிக்கு எதிராகப் பெற்ற ஒரு கோலை, பட்டியலில் 'ஒன்று' என எழுதிவிட்டு நகர்வது எங்ஙனம் என்பதே நமது கேள்வி.

இரண்டு ஆண்டுகளின் பின் ஜகர்த்தாவில் ஆசிய விளையாட்டு. பகைமை கொண்ட பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே தென்கொரியாவை 2 – 1 என வென்று தங்கப் பதக்கம் பெற்ற அவ்வணியில் பலராமுடன் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜும், அருமைநாயகமும் இருந்தனர். ஹைதராபாத்தின் யூசுப் கான் இருந்தார். பயிற்றுநர் ரஹீமோ புற்றுநோயைத் தாங்கிக்கொண்டு அவர்களை வழிநடத்தினார். 1963 ஜூனில் ரஹீம் மறைந்தார். அதே ஆண்டில், நுரையீரல் நோய் காரணமாகப் பலராமும் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 27 கூட நிறையவில்லை. சேத்ரி அந்த வயதில் இருந்தபோது அவரது சர்வதேச வாழ்வின் பாதிகூட முடிந்திருக்கவில்லை என்பதை ஒப்பிட முனைவோர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சேத்ரிக்கு வருவோம். அவரைக் குறைத்து மதிப்பிடுவோர் வழக்கமாகக் கூறுவது, நேபாளம், மாலைதீவு போன்ற சிறிய அணிகளுக்கு எதிராகவே அவர் கோல்களைக் குவித்தார் என்பதாகும். இதில் உண்மையின் ஒரு துளி உண்டு. முழுவதும் உண்மையல்ல. 2005 ஜூனில் பாகிஸ்தானின் குவெட்டாவில், அந்நாட்டு இரசிகர்கள் முன்னிலையில், முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்துத் தொடங்கியவர் அவர். 2008 இல் டில்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் பெற்ற மூன்று கோல்களே 27 ஆண்டுகளின் பின் இந்தியாவை ஆசியக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றன. அந்தக் கிண்ணத்தில், 2011 இல், பஹ்ரேனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிராகக் கோல் பெற்றார். 2019 இல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு. 2023 இல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக மீண்டும் மூன்று கோல்களைப் பெற்றபோது, மலேசியா கொண்டாடும் மொக்தார் தஹாரியின் 89 கோல்களைத் தாண்டி, ஆசிய வீரர்களில் அலி தாயிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்.

இலங்கை வாசகர்கள் ஒன்றை மறந்திருக்கமாட்டார்கள். 2021 ஒக்டோபரில் மாலேயில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியில் எமது அணி இதே சேத்ரியின் அணியைக் கோலின்றித் தடுத்து நிறுத்தியது. சிறிய அணி என்று இகழப்படுவோரிடமும் கோல் இலவசமாகக் கிடைப்பதில்லை.

சேத்ரியின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பலராமுக்கு வலப்புறம் பானர்ஜி, பக்கத்தில் கோஸ்வாமி, பின்னால் தங்கராஜ், வெளியே ரஹீம். சேத்ரிக்கு அப்படி எவருமில்லை. ஆரம்பத்தில் பைச்சுங் பூட்டியா சில ஆண்டுகள் துணைநின்றார். அதன் பின்னர் ஒரு தசாப்தத்துக்கு மேலாகத் தனித்தே சுமந்தார். இந்தியக் கழகங்கள் தமது முன்களத்தை வெளிநாட்டவரிடம் ஒப்படைத்துவிட, உள்நாட்டில் கோல் அடிக்கப் பழகியவர்கள் அருகிப் போயினர். 2018 ஜூனில் மும்பையில் சீனத் தாய்பேக்கு எதிராக மூன்று கோல்களை அவர் பெற்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே. எங்களைத் திட்டுவதற்காகவேனும் மைதானத்துக்கு வாருங்கள் என்ற கருத்துப்பட அவர் காணொளியொன்றில் கேட்டுக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு அனுமதிச் சீட்டு மிஞ்சவில்லை. அது அவரது நூறாவது ஆட்டம். எந்த நாட்டிலாவது ஓர் அணித்தலைவர், கோல் அடிப்பதோடு ஆட்களைக் கூட்டும் வேலையையும் செய்ய வேண்டியிருந்ததா என்பது நமக்குத் தெரிந்த வரையில் ஐயமே.

விடைபெற்ற ஒன்பது மாதங்களில், 2025 மார்ச்சில், நாற்பது வயதில் அவரை மீண்டும் அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலைதீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95 ஆவது கோலையும் பெற்றார். இரசிகர்கள் மகிழ்ந்தனர். நாம் மகிழவில்லை. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் அவருக்குப் பதிலாக ஒருவர் இல்லை என்ற ஒப்புதல் வாக்குமூலமாகவே அந்த அழைப்பு எமக்குத் தோன்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கிண்ண வாய்ப்பை இந்தியா இழந்ததோடு அந்த மீள்வருகையின் நோக்கமும் முடிந்துபோயிற்று.

ஆக, இருவரில் எவர் பெரியவர்? கலைத்திறன் என்ற அளவுகோலில் பலராமை முன்னே வைப்போம். ஐரோப்பிய அணிகளின் எதிரே தலைகுனியாது ஆடிய ஒரு முன்களத்தின் பாதி உயிர் அவர். சுமையின் அளவுகோலில் சேத்ரிக்கு நிகரானவர் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பவர் இரண்டையும் அறியாதவர் என்றே கொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தீர்ப்பை வழங்கும்போதே ஓர் இடறல் வந்து நிற்கிறது. சேத்ரியின் ஒவ்வொரு கோலையும் நிமிடக் கணக்கோடு எவரும் இன்று பார்க்கலாம். பலராமின் நிலை அதுவன்று.

ரோமில் பெருவுடனான ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியா 3 – 1 எனத் தோற்றது. அதன் பின் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்கின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாதலால், அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல். அதனை அடித்தவர் பலராம் என்கின்றன சில பதிவுகள். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் என்கின்றன வேறு சில. 1973 இல் கேரளாவுக்கு முதலாவது சந்தோஷ் கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்றுநரும் இந்தச் சுந்தரராஜ்தான். இருவருமே தமிழர்கள் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஒலிம்பிக் அரங்கில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க அடிக்கப்பட்ட ஒரு கோலுக்கே இந்தக் கதியென்றால், கல்கத்தா லீக்கில் மழையிலும் சேற்றிலும் அடிக்கப்பட்டவற்றின் கதி என்ன?

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. காசியப்பன் அங்கு கோட்டை அமைத்தது ஐந்தாம் நூற்றாண்டில். அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தி, ஓவியங்களைக் காண வந்த சாதாரண மக்கள், அலுவலர்கள், துறவிகள், பெண்கள் எனப் பலரும் தாம் கண்டதைப் பற்றிச் சிறு கவிகளை அச்சுவரில் கீறிச் சென்றனர். பலர் தம் பெயரையும் சேர்த்தே எழுதினர். அவற்றில் 685 கவிகளைப் பல்லாண்டு உழைத்துப் படித்தறிந்து, பேராசிரியர் செனரத் பரணவிதான 1956 இல் நூலாக வெளியிட்டார். பலராம் மெல்பேர்னுக்குச் சென்றதும் அதே ஆண்டுதான். அரசனைப் பற்றி ஏடுகள் எப்படியும் பேசும். வந்து பார்த்துச் சென்றவர்களின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒரு சுவர் இருந்ததும், அதைப் படிக்க ஒருவர் முன்வந்ததுமே.

எமது நாட்டு உதைபந்தாட்டத்துக்கு அத்தகைய சுவர் எது? 1952 இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து நாற்கோணச் சுற்றுப்போட்டி நடத்திய நாடு இது. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. 1995 இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், சுகததாச மைதானத்தில், மேலதிக நேரத்தில் பெற்ற ஒரே கோலினால் இந்தியாவை வென்றதும் இந்நாடே. அவ்வணியின் பதினொருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் இன்று எத்தனை பேர்? அடுத்த ஆண்டு கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்ற பதினொருவரைப் பாடசாலைச் சிறுவரும் சொல்வர். கொழும்பின் முஸ்லிம் கழகங்களும், யாழ்ப்பாணம், மன்னார் கடற்கரைக் கிராமங்களின் கழகங்களும், மலையகத் தோட்ட மைதானங்களும் வளர்த்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர்தம் குடும்பத்தாரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. சங்கத்தின் உட்பூசல்களினால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை சர்வதேச சம்மேளனத்தின் தடைக்கும் நாம் உள்ளானோம். நாற்காலிக்காக இவ்வளவு சண்டையிடுபவர்களுக்கு ஏடு எழுத நேரம் எங்கே இருக்கப்போகிறது?

பலராம் 2023 பெப்ரவரி 16 ஆம் திகதி தமது 86 ஆவது வயதில் கொல்கத்தாவில் காலமானார். அறுபது ஆண்டுகள், ஆடாத வீரராகவே வாழ்ந்தார். அவரிடம் கேட்டறிந்துகொள்ளக்கூடிய காலம் நெடியதாகவே இருந்தது. கேட்டவர்கள் சிலர். பெருவுக்கு எதிரான அக்கோல் எவருடையது என்ற ஐயம் அதற்குள் தீர்ந்திருக்க வேண்டியது.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய நாளிதழ்களின் கட்டுகள் பேணப்படுகின்றன. 1952 இல் இலங்கைக்காக ஆடியவர் யார், கோல் பெற்றவர் யார் என்பதை அவற்றின் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து பிரதி செய்ய ஒரு பல்கலைக்கழக மாணவருக்குச் சில வாரங்கள் போதும். 1995 ஆம் ஆண்டின் அணியினருக்கோ அந்தச் சிரமமும் தேவையில்லை. அவர்களிடம் நேரில் சென்றே கேட்டு எழுதலாம்.