ஜம்போ சாக்குகளும் நிலைமின்சாரமும்
ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக் குடியானவர்கள் கவனத்திற்கு

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் ரஸ்தாவின் இரு மருங்கிலும், முன்னாளில் ஏரிப்பாசன நஞ்சையும் மானாவாரி வேர்க்கடலையும் பயிரான நிலங்களில் பெரும்பகுதி தொழிற்பேட்டைகளாக மாறிவிட்டமை யாவரும் அறிந்ததே. 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ஆம் வருஷத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாகம், பிளாஸ்டிக், வர்ணம் முதலியவற்றைச் சார்ந்த ஆலைகள் பல ஏற்பட்டன. எஞ்சிய நிலங்களில் இன்னும் ஏரித் தண்ணீரைக் கொண்டு நெல் பயிரிட்டு வருகிறார்கள். தகப்பனார் கழனியிலும் குமாரன் ஆலை ஷிப்டிலுமாக வேலை செய்யும் குடும்பங்கள் இப்பக்கத்தில் அநேகம்.

இவ்வாலைகளினின்று நம் களத்துமேட்டிற்கு வந்து சேரும் பொருள்களில் ஒன்று, ஜனங்கள் ஜம்போ பை என்றும் ஜம்போ சாக்கு என்றும் வழங்கும் பெருஞ்சாக்கு ஆகும். பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் நாடாக்களால் நெய்து, நான்கு மூலைகளிலும் தூக்குவதற்கு வார் தைத்த இச்சாக்கு, 500 கிலோ முதல் 2,000 கிலோ வரையில் சரக்குக் கொள்ளும். ஆலையில் பிளாஸ்டிக் மணிகளையோ ரசாயனப் பொடியையோ கொட்டிய பின்னர், பழஞ்சாமான் வியாபாரிகள் வாயிலாகக் கிராமத்திற்கு விலைக்கு வருகிறது. உமி, தவிடு, கடலைத்தோல், மாட்டுத்தீவனம், மக்கிய எரு ஆகியவற்றைக் கட்டிவைக்கவும், மழையில் போரை மூடவும் இதனைக் காட்டிலும் மலிவும் உறுதியும் உள்ள சாதனம் கிடைப்பது அரிது. ஆகையால் இதனை வாங்கவே வேண்டாம் என்று எழுதுவது என் நோக்கமன்று. எழுதினாலும் எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இச்சாக்கில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அபாயம் உண்டு. அதனை ஆலையார் அறிவர். சாக்கை வாங்கும் நம்மவர் அறியார்.

இரு பொருள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிரியுமிடத்து அவற்றில் மின்சாரம் ஏறுகிறது. உலர்ந்த தலைமயிரை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதும், பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது பொரியும் ஓசை கேட்பதும் இதனாலேயே. கம்பியில் ஓடுகின்ற மின்சாரத்தைப் போலன்றி ஏறின இடத்திலேயே தங்குவதால் இதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். பொடி ஒன்று சாக்கில் விரைந்து விழும்போதும், சாக்கின் அடிவாயினின்று சரிந்து கொட்டும்போதும், ஒவ்வொரு துகளும் மற்றத் துகள்களோடும் சாக்கின் சுவரோடும் உராய்கின்றது. வேகம் மிகுந்தால் மின்சாரமும் மிகும்.

நம் பாட்டனார் காலத்துச் சணல் சாக்கில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. சணல் நார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அவ்வீரத்தின் வழியே மின்சாரம் மெல்லக் கசிந்து பூமியை அடைந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை ஏற்பதில்லை. (உணவு தானியங்களைச் சணல் சாக்கிலேயே கட்டவேண்டுமென 1987-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அது சணல் பயிரிடுவோரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்கும் பொருட்டுச் செய்ததேயன்றி, மின்சாரத்தைக் கருதிச் செய்ததன்று.) கடற்கரைக்கு அணித்தான நம் பக்கத்தில் காற்று ஈரமுள்ளதாயிற்றே, அபாயம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். கத்திரி வெயிலிலும், ஆனி ஆடி மேல்காற்றிலும் பகற்பொழுதில் காற்று எவ்வளவு வறண்டு போகிறதென்பதை நெல் காயவைப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனம் செய்த ஆலைக் கட்டடத்தினுள்ளேயோ வருஷம் முழுவதும் காற்றின் ஈரம் குறைவே.

தீப்பொறியின் பலத்தை மில்லிஜூல் என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். ஆயிரம் மணி 25 கிராம் எடையுள்ள மோட்டா நெல்லில் ஒரே ஒரு மணியை எடுத்து, தரையினின்று ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறையக் கால் மில்லிஜூல். பெட்ரோல் ஆவி காற்றோடு தக்க விகிதத்தில் கலந்திருக்குமாயின், அதனைப் பற்றவைக்க இந்தக் கால் மில்லிஜூலே போதும். உலர்ந்த நாளில் ரப்பர்ச் செருப்பணிந்து பிளாஸ்டிக் விரிப்பின்மேல் நடக்கும் மனிதனின் உடலில் 10,000 வோல்ட் ஏறுதல் அரிதன்று. அவன் விரல் நுனியினின்று பாயும் பொறியில் ஐந்து முதல் பத்து மில்லிஜூல் வரை இருக்கக்கூடும். விரலில் சுருக்கென்றது என்று உதறிவிட்டுப் போகிறோமே, அப்பொறி நெல்மணி கணக்கில் பார்த்தால் பெட்ரோல் ஆவிக்கு வேண்டியதைப் போல் இருபது முதல் நாற்பது மடங்காகும்.

இதனைக் கருதியே ஜம்போ சாக்குகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷனின் 61340-4-4 என்னும் தரக்குறிப்பு இவ்வகைகளை நிர்ணயிக்கின்றது. ஏ வகை வெறும் பிளாஸ்டிக் நெசவு. மின்சாரத்திற்கு யாதொரு காப்பும் இல்லை. பி வகையில் துணி 6,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காதபடி செய்யப்பட்டிருப்பதால், மிகப் பெரும் பொறி உண்டாவது தடுக்கப்படுகிறது. சிறு பொறி உண்டாகத்தான் செய்யும். சி வகையில் மின்சாரம் கடத்தும் இழைகள் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டு, யாவும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வாலில் முடிகின்றன. அவ்வாலைக் கவ்வி கொண்டு பூமியோடு இணைத்த பின்பே சரக்கைக் கொட்டவோ எடுக்கவோ வேண்டும். சாக்கின் எப்பகுதியினின்றும் அவ்வால் வரையில் தடை ஒரு கோடி ஓமுக்கு மேற்படலாகாது என்பது விதி. டி வகை, பூமி இணைப்பின்றியே மின்சாரத்தைக் காற்றில் சிறிது சிறிதாகக் கழித்துவிடும் விசேஷத் துணியால் ஆனது.

இவற்றுள் சி வகையைப் பற்றி விரிவாகச் சொல்வது அவசியம். நல்ல சாக்கு என்று பெயர் பெற்ற இதுவே, தவறாக உபயோகித்தால் நான்கிலும் கொடியதாகி விடுகிறது. ஏரிப் பாசனக்காரர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஏ வகைச் சாக்கு, வரப்புக் கட்டிய பல பாத்திகளில் தண்ணீர் தேங்கியிருப்பதற்கு ஒப்பானது. ஒரு வரப்பு உடைந்தால் அந்தப் பாத்தித் தண்ணீர் மட்டுமே வெளிப்படும். பிளாஸ்டிக்கில் ஓரிடத்து மின்சாரம் மற்றோரிடத்திற்கு ஓடாதாகையால் பொறியும் அளவோடு நிற்கும். சி வகைச் சாக்கிலோ கடத்தும் இழைகள் எல்லா வரப்புகளையும் நீக்கிவிடுகின்றன. அத்தனை நீரும் ஒரே ஏரியாகக் கூடுகின்றது. மதகு திறந்திருக்குமானால், அதாவது பூமி இணைப்பு இருக்குமானால், ஏரியில் நீரே நில்லாது. மதகை மூடி வைத்துக் கலங்கலும் இல்லாத ஏரிக்கு யாது நேருமோ அதுவே இணைப்பில்லாத சி வகைச் சாக்குக்கும் நேரும். யாரேனும் ஒருவர் கையை அருகில் கொண்டுபோகும் தருணத்தில் கரை உடைந்து முழுவதும் ஒரே பொறியாகப் பாயும்.

பழஞ்சாக்காக நம்மிடம் வருவது எந்த வகை என்பதைப் பக்கவாட்டில் தைத்த சீட்டைக் கொண்டே அறியலாம். அதில் வகையின் எழுத்து, தாங்கும் எடை, காப்பு விகிதம் ஆகியன அச்சிட்டிருக்கும். என் வட்டத்தில் பார்த்தவரையில், விற்பனைக்கு வருமுன்னரே பெரும்பாலும் இச்சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள். உள்ளிருந்த சரக்கின் பெயர் தெரியாதிருப்பது வியாபாரிக்கு அனுகூலம் போலும். சீட்டில்லாத சாக்கில் கரிய அல்லது வெள்ளி நிறக் கோடுகள் சமதூரத்தில் ஓடினால் அது சி அல்லது டி வகையாக இருக்கலாம் என்று கொள்ளவேண்டும். இனி, உள்ளே பாலிதீன் உறை போடுவது நம்மவர் வழக்கம். எந்த உறை எந்தச் சாக்குக்கு ஏற்றது என்பதற்கும் தனி விதிகள் உள. ஒவ்வாத உறையைப் போட்டால் சி வகையின் காப்பும் டி வகையின் காப்பும் போய்விடும்.

ஆலையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் பிள்ளைகள் பலர் சாக்குக் கொட்டும் இடத்தில்தான் நிறுத்தப்படுகிறார்கள். கவ்வி மாட்டாமல் கொட்டினால் நாளொன்றுக்குச் சில சாக்குகள் கூடுதலாக முடியும் என்பதற்காக அதனை விட்டுவிடும் மேஸ்திரிகள் உண்டு. அவ்விடத்தில் நிற்கும் பையன் கவ்வியைத் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். ஆலை கொடுக்கும் மின்கடத்தும் பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்போடு நிற்கலாகாது. தின்னர் முதலிய ஆவியுள்ள திரவத்தில் பொடியைக் கொட்டும் வேலையானால், ஏ வகையும் பி வகையும் உதவா. தூளை மட்டும் பற்றவைக்கப் போதாத சிறு பொறி, திரவத்தின் ஆவியைப் பற்றவைத்துவிடும்.

தூள் வெடிக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அடுப்பில் விறகுக்கட்டை மெல்ல எரிவதையும், அதன் இழைப்புத்தூளை நெருப்பில் தூவினால் குப்பென்று எழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1785-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி இத்தாலியில் டூரின் நகரத்து மாவுக் கிடங்கு ஒன்றில், சரிந்து விழுந்த மாவின் தூசி விளக்குச் சுடரில் பட்டு வெடித்தது. 2008 பிப்ரவரி 7-ந் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரின் சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் மாண்டனர். இவ்விரண்டிலும் தீ நிலைமின்சாரத்தால் உண்டானதாகச் சொல்வதற்கில்லை. முன்னதில் விளக்கு, பின்னதில் சூடேறிய யந்திர உறுப்பாக இருக்கலாம் என்று விசாரித்தவர்கள் எழுதினர். ஆனால் நிலைமின்சாரமே காரணமென்று அதே அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தார் முடிவு செய்த விபத்தும் உண்டு. 2007 அக்டோபர் 29-ந் தேதி ஐயோவா ராஜ்யத்து டி மாயின் நகரில், ஓர் எஃகுத் தொட்டியில் ஈதைல் அசிட்டேட் என்னும் திரவத்தை நிரப்பும்போது, குழாய்முனையின் உலோகப் பாகங்கள் பூமியோடு இணைக்கப்படாமையால் பொறி பாய்ந்து பண்டகசாலையே எரிந்து போயிற்று. இங்கும் வரப்பு நீங்கிய ஏரிதான்: இணைப்பற்ற உலோகம்.

நம் களத்தில் கவனிக்க வேண்டியவை இனி. கரடான உமியும் வைக்கோலும் எரியுமேயன்றி எளிதில் வெடிப்பதில்லை. அவற்றை எச்சாக்கில் கட்டினாலும் நெருப்பினின்று விலக்கி வைத்தால் போதும். நுண்ணிய தவிட்டுத் தூசியும் மாவுத் தூசியும் அவ்வாறல்ல. அரிசி ஆலை வைத்திருப்போர் தூசியை உத்திரத்தின் மேலும் மின்விசிறியின் மேலும் படியவிடாமல் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கனம் பரவலாகப் படிந்திருந்தாலே அபாயம் என்பது மேனாட்டார் கொண்டிருக்கும் கணக்கு. எள்ளுக்கும் மிளகாய்க்கும் சாம்பல் நோய்க்காகத் தூவும் கந்தகத் தூள், பொடிகளில் மிக எளிதில் தீப்பற்றுவனவற்றுள் ஒன்று. அதனை மூட்டையினின்று பிளாஸ்டிக் சாக்குக்கோ பிளாஸ்டிக் வாளிக்கோ உயரத்திலிருந்து கொட்டுதல் கூடாது. வந்த பையிலேயே வைத்து, வேண்டிய அளவை மெதுவாக எடுத்துக்கொள்வதே சிலாக்கியம். பக்கத்தில் பீடி பற்றவைக்கலாகாதென்பது சொல்லாமலே விளங்கும்.

மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயருக்குப் பெட்ரோல் ஊற்றுகையில் ஜம்போ சாக்கை விரித்து அதன்மேல் யந்திரத்தை வைப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். வெறுந்தரையில் வைத்து ஊற்றுவதே சரி. பெட்ரோல் கேனையும் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து நிரப்பாமல், கீழே மண்ணில் இறக்கி நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாயின்மேல் தகரப் புனலை வைத்து ஊற்றுவதும் தவறு. புனல் இணைப்பற்ற உலோகமாகிவிடுகிறது.

மின்சாரம் ஒருபுறமிருக்க, பழஞ்சாக்கால் வேறு தீங்குகளும் உள. 5:1 என்று குறித்த சாக்கு ஒரே தடவை உபயோகிப்பதற்கு ஏற்பட்டது. வெயிலில் கிடந்த பாலிப்ரொப்பிலீன் இற்றுப்போகும்; கையால் தேய்த்தால் நார் பொடியாக உதிர்வதே அடையாளம். அத்தகைய சாக்கை டிராக்டர் லோடரில் தொங்கவிட்டு அதன்கீழ் ஆள் போகலாகாது. உள்ளிருந்த பொருள் இன்னதென்று தெரியாத சாக்கில் நெல்லையோ, மாட்டுத் தீவனத்தையோ கட்டக்கூடாது. கழுவினாலும் நெசவின் இடுக்கில் ரசாயனம் தங்கும். பூச்சிமருந்து வந்த உறைகளை மறுபடி உபயோகிக்க ஏதுவாக வெளியே போட்டு வைக்கலாகாதென 1971-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின் 44-வது விதி கூறுகிறது.

பட்டா நிலத்தில் கீற்றுக்கொட்டகை போட்டுப் பழஞ்சாக்கு சேர்த்து வைக்கும் கிடங்குகள் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் காணப்படுகின்றன. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அங்கே சென்று மூன்று விஷயங்களைப் பார்ப்பது நலம். சாக்கை உதறும் இடம் வீடுகளுக்கும் வைக்கோற்போருக்கும் எவ்வளவு தூரத்தில் உள்ளது. உதறிய தூளை எங்கே கொட்டுகிறார்கள், ஏரி வரத்துக்கால்வாயிலா என்பது. சீட்டில்லாத சாக்குகள் எந்த ஆலையினின்று வருகின்றன என்பது. ஆலைக்குள் நடப்பதை விசாரிக்கும் அதிகாரம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தாருடையது. தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ அவர்களுக்கு எழுதலாம். தூள் தீப்பற்றினால் வாளித் தண்ணீரை வீசி அடிக்கலாகாது. வீச்சில் தூள் எழும்பி வெடிக்கும். ஆட்களை அப்புறப்படுத்தி 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தெரிவித்து, கிடங்கில் உள்ள சரக்கு யாதென்பதையும் தீயணைப்புப் படையினருக்கு முன்னதாகவே சொல்ல வேண்டும்.