எத்தனை சதவிகிதம்? கேட்டு வாங்குங்கள்!

‘‘பொண்ணுக்குச் சர்ட்டிஃபிகேட் வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடுமே... நாளைக்கு எவன் கட்டிக்குவான்?’’ இப்படிப் பயந்தே பல வீடுகளில் உதவித்தொகையைக் கோட்டை விடுகிறார்கள். நீங்களும் அப்படி இருந்துவிடாதீர்கள்!

எல்லாவற்றுக்கும் அச்சாணி, டாக்டர் எழுதும் சதவிகிதம்தான். 1995-ம் வருடச் சட்டத்தில் ஊனம் 7 வகை. 2016 சட்டத்திலோ 21! தலசீமியா, பார்க்கின்சன்கூட உண்டு. ‘கை, கால் நல்லாத்தானே இருக்கு’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

18 வயதாகி, 40 சதவிகிதம் இருந்தால் பென்ஷன் கேட்கலாம். வருமானத்தையும் விசாரிப்பார்கள். முசிறிக்காரர்களுக்கு உள்ளூர் தாலுகா ஆபீஸே போதும். 2023 ஜனவரியில் இந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பராமரிப்பு உதவித்தொகை என்பது வேறு. அதற்குத் திருச்சியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். கை, கால் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு 75 சதவிகிதம் வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு 40 போதும். இது தெரியாமலே திரும்பிவிடும் தாய்மார்கள் உண்டு!

பரிசோதனை நாளில், ‘‘எம்புள்ள எல்லாம் தானே செஞ்சுக்குவான் டாக்டர்’’ என்று பெருமை பேசாதீர்கள் அம்மா. குளிக்க, சாப்பிட, பஸ் ஏற யார் துணை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய ஸ்கேன், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். சதவிகிதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு செய்யவும் அதே 2016 சட்டத்தில் வழி இருக்கிறது.