வலைப்பக்கத்தில் படமும் அமைப்பும்: குறைகளும் அவற்றைக் களையும் முறையும்

பள்ளிகளும் தமிழ் மன்றங்களும் நூலகங்களும் இன்று தமக்கெனத் தனி வலைப்பக்கம் அமைத்து நடத்துகின்றன. பாடக்குறிப்பு, போட்டி அறிவிப்பு, விழாப் படங்கள், மாணவர் படைப்பு ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. இப்பக்கங்களை ஆக்குவோர் பலர் கணினித் துறையினர் அல்லர், தமிழாசிரியரே. அவர் அரிதின் முயன்று ஆக்கிய பக்கம் அவர்தம் கணினியில் அழகுற விளங்கும். அதனையே மாணவன் தன் திறன்பேசியில் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த கட்டம் ஒன்று தோன்றும்; எழுத்து எறும்பெனச் சிறுத்திருக்கும்; அன்றி, வரி திரைக்கு வெளியே ஓடியிருக்கும். கருவியின் கோளாறு என்று எண்ணிப் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. இக்குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் அறியின் திருத்தமும் எளிது. அவற்றை ஈண்டு முறைப்படக் காண்போம்.

அச்சுத்தாளும் வலைப்பக்கமும்

அச்சுத்தாள் முடிந்த பொருள். எழுத்தும் படமும் அதில் ஒருமுறை பதிந்தபின் யார் கையில் இருப்பினும் மாறா. வலைப்பக்கமோ அத்தகையது அன்று. அது கட்டளைகளின் தொகுப்பே ஆகும். “இது தலைப்பு, இது பத்தி, இவ்விடத்தில் இன்ன படத்தைக் கொணர்க” என்னும் கட்டளைகளைப் படிப்பவரது உலாவி ஒவ்வொரு முறையும் புதிதாக நிறைவேற்றுகிறது. கருவி மாறின் தோற்றமும் மாறும். இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டால், பின்னர்க் கூறுவன யாவும் தெளிவாகும்.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். தொடக்கத்தில் வலைப்பக்கங்களில் எழுத்தின் நடுவே படம் தோன்றுவதற்கு வழியில்லை. 1993-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்க் ஆண்டிரீசன் என்பார், படத்தை அழைத்தற்கு ‘ஐ.எம்.ஜி.’ என்னும் குறியை முன்மொழிந்தார்; அவ்வாண்டே வெளிவந்த மொசைக் உலாவி எழுத்தோடு படத்தையும் ஒருங்கே காட்டியது. இக்குறியின் இயல்பு கருதத்தக்கது. அது படத்தைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. படம் இருக்கும் முகவரியை மட்டும் கூறுகிறது. எனவே, படம் தோன்றாமைக்கு முதற்காரணம் முகவரிப் பிழையே.

படம் தோன்றாமை

முகவரிப் பிழை பல வகையில் நேரும். ஆசிரியர் தம் கணினியில் உள்ள கோப்புறையின் முகவரியையே பக்கத்தில் எழுதிவிடுதல் ஒன்று. அவர் கணினியில் படம் தெரியும். பிறர் கணினியில் அக்கோப்புறை இல்லாமையால் தெரியாது. படத்தை வழங்கிக்கு ஏற்ற மறந்துவிடுதல் மற்றொன்று.

மூன்றாவது வகை கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் உண்டு. விண்டோஸ் கணினி கோப்பின் பெயரைத் தேடும்போது பொதுவாக இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வலைத்தளங்களைத் தாங்கும் வழங்கிகளுட் பெரும்பாலன லினக்ஸ் முறையில் இயங்குவன. அவை இரண்டையும் வேறு வேறு பெயராகவே கொள்ளும். படக்கருவி கோப்புப் பெயரின் ஈற்றைப் பெரிய எழுத்தில் இட்டிருக்க, ஆசிரியர் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதினால், வீட்டில் தெரிந்த படம் வலையில் தெரியாது. பெயரின் நடுவே இடைவெளி விடுதலும் இடர் விளைக்கும். ஆதலின், சிறிய ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு கோப்புக்குப் பெயரிடுதல் நலம்.

இரண்டாவது காரணம், படக்கோப்பின் வகை. ஆப்பிள் நிறுவனத்தின் திறன்பேசிகள் 2017 முதல் ‘ஹெயிக்’ என்னும் வகையில் படங்களைச் சேமிக்கத் தொடங்கின. அவ்வகையைக் காட்ட இயலாத உலாவிகள் பல. அதனை ‘ஜேபெக்’ வகைக்கு மாற்றியே ஏற்றுதல் வேண்டும். ஒளிப்படத்திற்கு ஜேபெக் ஏற்றது. கோட்டோவியத்திற்கும் எழுத்து மிகுந்த படத்திற்கும் ‘பி.என்.ஜி.’ ஏற்றது, வரைபடங்களுக்கு ‘எஸ்.வி.ஜி.’ சிறந்தது, எத்துணைப் பெரிதாக்கினும் அதன் கூர்மை குன்றாது. கோப்பின் பெயரில் உள்ள ஈற்றை மட்டும் திருத்துவதால் வகை மாறிவிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது காரணம், பிறர் தளத்துப் படத்தை அங்கிருந்தே அழைத்தல். உரியவர் அதனை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ நம் பக்கம் வெறுமையாகும். சில தளங்கள் பிறர் அழைப்பை ஏற்பதும் இல்லை. அன்றியும், பாதுகாப்பான ‘எச்.டி.டி.பி.எஸ்.’ முகவரியுடைய பக்கத்துள் பழைய ‘எச்.டி.டி.பி.’ முகவரியுடைய படத்தை அழைத்தால் உலாவி அதனைத் தடுத்துவிடக்கூடும். உரிய இசைவு பெற்று, படத்தை நம் தளத்திலேயே வைத்துக் கொள்வதே முறை.

இவற்றுள் எது காரணம் என்று அறிவது எங்ஙனம்? உடைந்த கட்டத்தின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, அப்படத்தைத் தனித் தாவலில் திறந்து பார்க்க வேண்டும். 404 என்னும் எண் தோன்றின், அம்முகவரியில் அப்பெயருடைய கோப்பு இல்லை என்பது பொருள். 403 தோன்றின், கோப்பைக் காட்ட வழங்கி மறுக்கிறது என்பது பொருள். படம் அங்கே நன்கு தோன்றின், முகவரியிற் குற்றம் இல்லை. பக்கத்தின் அமைப்பை ஆராய்தல் வேண்டும். புதுப்படம் ஏற்றியும் பழையதே தோன்றுமாயின், உலாவி தான் முன்னர்ச் சேமித்ததையே எடுத்துக் காட்டுகிறது எனக் கொள்ளலாம். புதுப்படத்திற்குப் புதுப்பெயர் இட்டால் அக்குறை நீங்கும்.

படம் தோன்றியும் பொருந்தாமை

இற்றைப் படக்கருவி எடுக்கும் படம் ஒன்று 4,000 பிக்சல் அகலமும் 3,000 பிக்சல் உயரமும் உடையதாக இருத்தல் இயல்பு. திறன்பேசித் திரையின் அகலமோ உலாவியின் கணக்கில் ஏறத்தாழ 400 பிக்சலே. அத்துணைப் பெரும் படத்தை அப்படியே இட்டால் அது திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். அகலத்தையும் உயரத்தையும் மனம்போல் வரையறுத்தாலோ, மாணவர் முகங்கள் நீண்டும் அகன்றும் கோணலாகும்.

இதற்குத் தீர்வு, பாணித்தாளில் இரண்டு விதிகள் எழுதுதல். படத்தின் மிகைஅகலம், அதாவது ‘மேக்ஸ்-விட்த்’, நூறு விழுக்காடு. உயரம், அதாவது ‘ஹைட்’, தானியங்கு. முதல் விதியால் படம் தன்னைக் கொண்ட கட்டத்தினும் அகலாது. இரண்டாம் விதியால் அகலத்திற்கு ஏற்ப உயரமும் குறைந்து உருவம் சிதையாது நிற்கும்.

ஆயின், இவ்விதிகள் தோற்றத்தைச் சுருக்குமேயன்றிக் கோப்பின் எடையைச் சுருக்கா. 4,000-க்கு 3,000 என்னும் படத்தில் 12,000,000 புள்ளிகள் உள. 1,200-க்கு 900 எனக் குறைத்தால் 1,080,000 புள்ளிகளே. ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. பக்கம் விரைந்து திறக்கவும், மாணவரின் இணையச் செலவு குறையவும், ஏற்றுமுன் படத்தைச் சுருக்குதல் இன்றியமையாதது. மேலும், படக்குறியில் அதன் உண்மையான அகல உயர எண்களைக் குறித்துவிட்டால், படம் வந்து சேருமுன்னரே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கி வைக்கும். இல்லையேல், மாணவன் படித்துக்கொண்டிருக்கும் வரி, படம் வந்தவுடன் திடுமெனக் கீழே இறங்கிவிடும்.

பக்க அமைப்புக் குலைதல்

தோற்றத்தைக் கட்டளையினின்று பிரித்துத் தனித்தாளில் எழுதலாம் என்று ஹோகன் வியும் லீ 1994-இல் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அப்பாணித்தாள் முறையின் முதற்பதிப்பை உலக வலை மன்றம் ஏற்று வெளியிட்டது. அம்முறை பரவும் வரை, பலர் அட்டவணைக் கட்டங்களைக் கொண்டே பக்கத்தை அடுக்கினர். அவ்வாறு குறிப்பிட்ட அகலத்திற்குக் கட்டப்பட்ட பக்கங்கள் திறன்பேசியில் துன்புறுத்துவன. திரைக்கேற்ப நெகிழும் பக்க அமைப்பை 2010-இல் ஈத்தன் மார்கோட் எடுத்துரைத்தபின் புதுநெறி பரவியது.

எழுத்துச் சிறுத்தல் என்னும் குறையை முதலிற் காண்போம். திறன்பேசி உலாவி, தனக்குத் தனியே கட்டளை இல்லாவிடில், பக்கம் பெரிய கணினிக்கு உரியது எனக் கருதி, ஏறத்தாழ 980 பிக்சல் அகலத்தில் அதனை வரைந்து, பின்னர்த் திரைக்குச் சுருக்குகிறது. 390 பிக்சல் திரையில், 16 பிக்சல் எழுத்து 6 பிக்சல் அளவாகத் தோன்றுவது இதனாலேயே. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்னும் கட்டளையை இட்டு, அகலம் கருவியின் அகலமே என்று கூறிவிட்டால் இக்குறை ஒழியும்.

அருகருகே நிற்க வேண்டிய இரு கட்டங்களுள் ஒன்று கீழே விழுதல் அடுத்த குறை. 300 பிக்சல் அகலம் என வரையறுத்த கட்டத்திற்கு இருபுறமும் 20 பிக்சல் உள்ளிடைவெளியும் 1 பிக்சல் கரையும் கூட்டினால், அது பிடிக்கும் இடம் 342 பிக்சல் ஆகும். அவ்வாறே, பாதி பாதி என வகுத்த இரு கட்டங்களும் இடைவெளியால் பாதிக்கு மேற்பட்டுவிட, இரண்டாவதற்கு இடம் போதாது. ‘பாக்ஸ்-சைசிங்’ என்னும் பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ என அமைத்தால், இடைவெளியும் கரையும் வரையறுத்த அகலத்துள்ளேயே அடங்கும்.

படத்தை ஒருபுறம் ஒதுக்கி மறுபுறம் எழுத்தை ஓடவிடும்போது, எழுத்துக் குறைவாக இருப்பின், அடுத்த பகுதியின் தலைப்பும் மேலேறிப் படத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அத்தலைப்புக்கு ‘கிளியர்’ என்னும் விதியை இட்டால், அது படத்திற்குக் கீழேயே தொடங்கும்.

தமிழுக்கே உரிய இடர்கள்

தமிழ் ஒட்டுநிலை மொழி. சொற்கள் புணர்ந்து நீளுதல் அதன் இயல்பு. “எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றனவென்பதனை” என்பது போன்ற தொடர், குறுகிய திரையில் ஒரு வரியுள் அடங்காது வெளியே நீளும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்னும் விதி அதனை மடக்கி அடுத்த வரிக்குக் கொணரும். இருபுறமும் வரியைச் சமன் செய்யும் முறை அச்சில் அழகு; திறன்பேசியிலோ சொல்லிடை பெரும் வெளிகள் தோன்றும். இடப்புறம் மட்டும் ஒழுங்குற அமைத்தலே நன்று. மேலும், விலங்கும் சுழியும் கொம்பும் கொண்ட நம் எழுத்துகள் மேலும் கீழும் இடம் வேண்டுவன. வரிக்கு வரி இடைவெளியைச் சற்று மிகுத்தல் கண்ணுக்கு இனிது.

சில பக்கங்களில் தமிழ் தோன்ற வேண்டிய இடத்தில், பொருளற்ற மேலைநாட்டுக் குறியெழுத்துகள் நிரம்பிக் கிடக்கும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகப் பதிகிறது. “தமிழ்” என்னும் சொல் கணினிக்கு ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகர விலங்கு, ழகரம், புள்ளி. ஆக 15 பைட்டுகள். முறை இன்னதென்று பக்கத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்காவிடில், உலாவி அப்பதினைந்தையும் தனித்தனி எழுத்தாகக் கருதி மயங்கக்கூடும். முறையை அறிவித்து, கோப்பையும் அதே முறையில் சேமித்தால் மயக்கம் தீரும்.

எழுத்தைப் படமாக்கும் வழக்கம்

இறுதியாகக் கூறுவது எல்லாவற்றினும் முதன்மையானது. முன்னாளில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைப் படிப்பவரும் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. அக்காலத்தே தமிழை வலையேற்றுதற்குச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும், மலேசியாவில் ‘முரசு அஞ்சல்’ கண்ட முத்து நெடுமாறனும் உழைத்த உழைப்பு இந்நாட்டவர் நன்கறிந்தது. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாடு அவ்வுழைப்பின் ஒரு மைல்கல். அந்நாளில் எழுத்துரு இல்லாதாரும் படிக்கட்டும் என்று எழுத்தையே படமாக்கி இட்டவர் உண்டு. அஃது அன்றைய தேவை. ஒருங்குறி எங்கும் பரவிய இன்று அத்தேவை இல்லை.

எனினும், அறிவிப்பு, பாடக்குறிப்பு, கவிதை யாவற்றையும் வண்ணப் படமாகவே இடும் வழக்கம் பெருகி வருகிறது. படமான எழுத்தைத் தேடுபொறி உறுதியாகக் கண்டு கொணரும் என்று சொல்வதற்கில்லை. மாணவன் அதிலிருந்து ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து அகராதியிற் காண்பதும் கடினம். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் திரைபடிப்பான், விளக்கமற்ற படத்தின்முன் வாயடைத்து நிற்கும். நூறு சொற்கொண்ட பாடம் அவர்க்கு ஒரு சொல்லும் அற்றதாகிறது.

படம் இன்றியமையாத இடத்தில் ‘ஆல்ட்’ என்னும் மாற்றுரையை எழுதுதல் கடன். “படம் 1” என்பது மாற்றுரை ஆகாது. “பன்னிரண்டு உயிரெழுத்துகளை இரு வரிசையில் காட்டும் அட்டவணை” என்பது மாற்றுரை. வெறும் அணிக்காக இட்ட கோலத்திற்கு மாற்றுரையை வெறுமையாக விடலாம். திரைபடிப்பான் அதனைக் கடந்து செல்லும். முகவரிப் பிழையால் படம் தோன்றாவிடினும், மாற்றுரை அவ்விடத்தில் நின்று பொருளைக் காக்கும்.

பக்கத்தை வெளியிடுமுன் தம் கணினியில் மட்டும் பாராது, வேறொருவர் திறன்பேசியிலும் ஆசிரியர் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. குறை காணின், ஒருவேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி அதன் விளைவை நோக்குவாராக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது மருந்து, எது நோய் என்பது விளங்காது. எழுத்தை எழுத்தாகவும் படத்தைப் படமாகவும் வைத்துப் போற்றினால், நாம் எழுதும் தமிழ் எந்தத் திரையிலும் குலையாது நிற்கும். கண்ணாற் படிப்பார்க்கும் செவியாற் படிப்பார்க்கும் ஒருங்கே பயன்படும்.