உறைபனியின் காவல்

மார்கழி, தை விடியலில் ஊட்டிப் பக்கம் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்த உறைபனிதான் நீலகிரிப் புல்வெளிக்குக் காவல். பள்ளத்துச் சோலையிலிருந்து வந்து விழும் விதை வெட்டவெளியில் முளைத்தாலும் பனியில் கருகிவிடும். புல் மட்டும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். எத்தனையோ மலைச்சரிவுகளில் அது புல்வெளியை விழுங்கிவிட்டது. வெட்டினால் துளிர்க்கிறது. தீப் பட்டாலோ, பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிய விதைகள் ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கின்றன.

பூமி சூடேறி உறைபனி நாட்கள் குறைந்தால், இருக்கிற காவலும் தளரும். முக்கூர்த்தி மலையின் வரையாடு மேய்வது இந்தப் புல்லைத்தான். பவானி ஆற்றுக்குத் தண்ணீர் கசிந்து வருவதும் இந்த மலைமுகட்டிலிருந்துதான்.