ஓடத்தில் ஏறிச்சென்ற இன்சாட்

தருமபுரி மாவட்டம் குன்றுகள் நிறைந்த நிலப்பகுதி. சித்தேரி, வத்தல்மலை முதலிய மலைகளின் மடியில் சிற்றூர்கள் பல சிதறிக் கிடக்கின்றன. தரையில் நாட்டப்பட்ட கோபுரங்களிலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலைகளும் நுண்ணலைகளும் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு மலை நின்றால், அதன் பின்னுள்ள பள்ளத்தாக்கிற்கு அவை எட்டுவது அரிது. மலைதோறும் கோபுரம் எழுப்புவதோ பெருஞ்செலவு. ஆனால், நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே, 74 பாகைக் கிழக்கு நெட்டாங்கில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது தருமபுரி வானில் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் நிற்கும். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் அலையை எந்தக் குன்று மறைக்கும்?

அவ்விடத்தில் நின்று பணியாற்றியதே இன்சாட்-1பி. தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி, வானிலை ஆய்வு ஆகிய அனைத்தையும் ஒரே செயற்கைக்கோளில் இணைத்தது இன்சாட் திட்டத்தின் சிறப்பு. எனினும் அதன் தொடக்கம் துயரமானது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, அடுத்தடுத்த பழுதுகளால் அதே ஆண்டு செப்டம்பரில் கைவிடப்பட்டது. எனவே நாட்டின் நம்பிக்கை முழுவதும் இரண்டாவது செயற்கைக்கோளின்மீது தங்கியது.

அது மனிதர் செலுத்திய விண்வெளி ஓடத்தில் சென்றது. 1983 ஆகஸ்டு 30 அன்று, அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 'சேலஞ்சர்' ஐந்து வீரர்களுடன் நள்ளிரவு கடந்த வேளையில் புறப்பட்டது. விண்வெளி ஓடம் ஒன்று இரவில் ஏவப்பட்டது அதுவே முதன்முறை. இன்சாட்டை உரிய நேரத்தில், உரிய இடத்தில் விடுவிக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். மறுநாள் கியான் புளூஃபோர்டும் டேல் கார்ட்னரும் அதனை விடுவித்தனர். சரக்கறையிலிருந்த சுழல்மேடை செயற்கைக்கோளை முதலில் சுழலச் செய்தது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் செயற்கைக்கோளும் திசை மாறாது. பின்னர் வில்சுருள்கள் அதனை வெளியே தள்ளின. ஓடம் பாதுகாப்பான தொலைவுக்கு விலகியபின், செயற்கைக்கோளுடன் இணைந்த உந்துபொறி எரிந்து அதனை மேலே செலுத்தியது.

ஓடம் பறந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். இன்சாட் நிலைகொள்ள வேண்டியதோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இந்த இடைவெளியின் பொருள் விரைவிலேயே விளங்கிற்று. இன்சாட்-1பியின் சூரியத்தகடு விரிய மறுத்தது. தகடு விரியாவிடில் போதிய மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் செயற்கைக்கோள் வெறும் உலோகச் சுமை. ஓடத்திலிருந்து எவரும் அங்குச் சென்று தொட்டுச் சரிசெய்ய இயலாது. தரையிலிருந்து கட்டளைகளை அனுப்பிப் பொறியாளர்கள் போராடினர். செப்டம்பர் நடுவில் தகடு விரிந்தது. கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம் அதனைப் பேணிவர, ஏழாண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட அச்செயற்கைக்கோள் அதற்கு மேலும் உழைத்தது. சிறு நகரங்களில் எழுந்த குறைந்த ஆற்றல் ஒளிபரப்பு நிலையங்கள் அதன் அலைகளை வாங்கி வீடுகளுக்கு அளித்தன.

தாழ்ந்த பாதையில் சிக்கிய செயற்கைக்கோள்களையோ மனிதக் கைகளால் காப்பாற்ற முடிந்தது. இன்சாட்டை விடுவித்த அதே கார்ட்னர், 1984 நவம்பரில் ஜோசப் ஆலனுடன் விண்ணில் மிதந்தபடி, பாதை தவறிய பலாபா, வெஸ்டார் என்னும் இரு செயற்கைக்கோள்களைப் பிடித்து ஓடத்தில் ஏற்றி மண்ணுக்குக் கொணர்ந்தார். இரண்டும் செப்பனிடப்பட்டு 1990இல் மீண்டும் ஏவப்பட்டன. 1985இல் 'டிஸ்கவரி' ஓடத்தின் வீரர்கள் இதனினும் துணிந்தனர். ஆறு டன்னுக்கும் மிகுந்த எடையுள்ள லீசாட்-3 செயற்கைக்கோளை விண்ணிலேயே பழுதுநீக்கி, கையால் தள்ளிச் சுழலவிட்டனர். எடையற்ற நிலையிலும் பொருளின் நிறை மறைவதில்லை. ஆகவே அவர்கள் மெதுவாகவே தள்ள வேண்டியிருந்தது.

இன்சாட்-1சியையும் ஓடத்திலேயே அனுப்பத் திட்டமிடப்பட்டது. அதனுடன் பறப்பதற்கென என்.சி. பட், பி. இராதாகிருஷ்ணன் என்னும் இந்தியப் பொறியாளர் இருவர் தேர்வு செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் செல்வதாக இருந்தது. 1986 ஜனவரி 28 அன்று, இன்சாட்-1பியைச் சுமந்த அதே சேலஞ்சர் புறப்பட்ட சிறிது நேரத்தில் வெடித்துச் சிதறி, எழுவர் உயிரிழந்தனர். வணிகச் செயற்கைக்கோள்களை ஓடத்தில் ஏற்றுவதை அமெரிக்கா நிறுத்திக்கொண்டது. இன்சாட்-1சி 1988 ஜூலையில் ஐரோப்பாவின் ஏரியன் ஏவூர்தியில் சென்றது. அதில் மனிதருக்கு இருக்கை இல்லை.