கடலுக்குள் இறங்கும் குழாய்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாற்றுத் தண்ணீர் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அதற்கும் அப்பால், ஆழமான வங்கக்கடலில், ஆளில்லாமல் வேலை பார்க்கும் ஒரு ரோபோ உண்டு. பெயர் ஆர்கோ மிதவை. பார்த்தால் நீளமான குழாய்தான். துடுப்பு கிடையாது, விசிறியும் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் பை உப்பி மிதவை மேலே வரும்; திரும்ப இழுத்துக்கொண்டால் மூழ்கும். ஏறக்குறைய மீனின் காற்றுப்பை மாதிரி!

1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும் இது, சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, ஏறும் வழியெல்லாம் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள். நம் நாட்டில் இவற்றைக் கவனிப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம்.

இந்த அளவுகள் புயலைக் கணிக்கவும் உதவுகின்றன. புயலுக்குத் தீனி கடலின் சூடு. மேலாகச் சுட்டால் மட்டும் போதாது. புயல் கிளறும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். சூடு ஆழம்வரை இருந்தால்தான் ஆபத்து. மேல்பரப்பைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். அடிச்சூட்டை இந்தக் குழாய் அளந்து சொன்னால்தான் கணினிக் கணிப்பு தேறும். 2011 டிசம்பர் 30-இல் கடலூர் முந்திரித் தோப்புகளைச் சாய்த்த தானே புயலும் இதே வங்கக்கடலின் சூட்டைத் தின்று வந்ததுதான்.