மாரடைப்புக்குப் பின் கொழுப்புத் திசு இயக்குநீர்கள்: அடிப்போனெக்டினின் முரண்

முன்னுரை

கொழுப்புத் திசு, ஆற்றலைச் சேமிக்கும் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1994ஆம் ஆண்டு ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்த பின்னர், அது இயக்குநீர் சுரக்கும் உறுப்பாகவும் ஏற்கப்பட்டது. 1995இல் அடிப்போனெக்டினும் 2001இல் ரெசிஸ்டினும் அறியப்பட்டன. (மனிதரிடம் ரெசிஸ்டின் பெரும்பாலும் விழுங்குசெல்களில் சுரப்பதால், இப்பட்டியலில் அதன் இடம் ஐயத்துக்குரியது.) மாரடைப்புக்குப் பிந்தைய விளைவுகளை முன்னுணர்த்துவதில் அதிகம் விவாதிக்கப்படுவது அடிப்போனெக்டினே.

அடிப்போனெக்டினின் இரு முகங்கள்

கொழுப்பு மிகும்போது லெப்டின் கூடுகிறது, அடிப்போனெக்டினோ குறைகிறது. இன்சுலினின் செயற்பாட்டுக்கு அது துணைநிற்கிறது. குருதிக்குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிக்கிறது. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, இந்த இயக்குநீர் மிகுந்திருந்த ஆண்களுக்கு மாரடைப்பு குறைவாகவே ஏற்பட்டதெனக் காட்டியது. இது சுரக்காத எலிகளில் மாரடைப்பின் சேதம் பெரிதாக இருந்ததை மறு ஆண்டு வெளிவந்த ஆய்வு உணர்த்தியது.

இவ்விரண்டையும் கொண்டு நோக்கின், மாரடைப்புக்குள்ளானோரிடமும் மிகுந்த அடிப்போனெக்டின் நற்குறியாகவே இருத்தல் வேண்டும். ஆயின் அத்தகையோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பலவற்றில், அதன் அளவு மிகுந்தவர்களிடையே இறப்பும் இதயச் செயலிழப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. இதுவே 'அடிப்போனெக்டின் முரண்' எனப்படுகிறது.

காரணமா, அறிகுறியா?

நலிந்த இதயத்தின் சுவர் விரியும்போது அது நாட்ரியூரெடிக் பெப்டைடுகளைச் சுரக்கிறது. இவை கொழுப்புச் செல்களைத் தூண்டி அடிப்போனெக்டினைப் பெருக்குகின்றன. எனவே உயர்ந்த அளவு, தீங்கின் காரணமாக அன்றி, இதயம் ஏற்கெனவே உற்ற இடரின் எதிரொலியாக இருக்கக்கூடும். முதுமை, சிறுநீரகக் குறைபாடு, உடல் மெலிவு ஆகியவையும் அதன் அளவை உயர்த்துகின்றன. மாரடைப்புற்றோரின் இறப்பையும் இவையே மிகுவிக்கின்றன. பெப்டைடுகளின் அளவைக் கணக்கிற்கொண்ட சில ஆய்வுகளில், அடிப்போனெக்டினுக்கும் இறப்புக்குமான தொடர்பு தளர்ந்துபோனது இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. மரபணு வேறுபாடுகளின் வழி நிகழ்த்தப்பெற்ற ஆய்வுகளும், இவ்வியக்குநீர் இதயத் தமனி நோயைத் தடுக்கும் காரணி என்பதற்கு உறுதியான சான்று தரவில்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. காரணத்தை மாற்றினால் விளைவு மாறும். அறிகுறியை மாற்றினால் மாறவேண்டியதில்லை. நீரிழிவு மருந்தான பியோகிளிட்டசோன் அடிப்போனெக்டினை உயர்த்துவது. அதுவே உடலில் நீரைத் தேக்கி இதயச் செயலிழப்பைத் தூண்டவும் வல்லது. குருதியில் ஓர் எண்ணை உயர்த்தியதை மட்டும் கொண்டு மருந்தின் பயனை மதிப்பிடல் பிழையாகும்.

அளவீட்டிலும் இடர்கள் உள்ளன. மாரடைப்பின் முதல் சில நாள்களில் அடிப்போனெக்டின் தாழ்வதால், குருதி எடுக்கப்பட்ட வேளை முடிவை மாற்றிவிடும். தெற்காசியரிடம் இதன் அளவு ஐரோப்பியரைவிடக் குறைவு. ஆதலின் பிறநாட்டு எல்லை அளவுகளை அவ்வாறே ஏற்பது பொருந்தாது.

புதிய குறியீடு எதுவாயினும், எளிதில் கிடைக்கும் தகவல்களுக்கு மேலாக அது எதைக் கூட்டுகிறது என்பதே கேள்வி. மருத்துவமனைகளில் வழங்கும் 'கிரேஸ்' இடர் மதிப்பீடு வயது, இதயத் துடிப்பு, குருதியழுத்தம், கிரியேட்டினின் உள்ளிட்ட எட்டுக் கூறுகளைக் கொண்டது. அவற்றுள் கொழுப்புத் திசு இயக்குநீர் ஒன்றும் இல்லை.